பூட்டில்லாத கதவை விற்றவன் யார்?

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட் நகரத்திலிருந்து ஒரு சேதி வந்தது. அங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. டாக்டரிடம் காட்ட வந்த பெண்கள், ஊசி போட்டுக்கொள்ள அறைக்குள் போன பெண்கள் – இவர்களுடைய படங்கள் டெலிகிராம் குழுக்களில் விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. எடுத்தது யார்? ஆஸ்பத்திரியே சுவரில் மாட்டி வைத்த கேமரா! களவாடியது யார்? நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் மகாராஷ்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் உட்கார்ந்திருந்த சில ஆட்கள். போலீசார் அவர்களைப் பிடித்தார்கள். அந்தக் கேமராவுக்கு இருந்த பாஸ்வேர்டு ‘அட்மின்123’ என்று பிற்பாடு பத்திரிகைகள் எழுதின. கடையிலிருந்து வந்தபோது பெட்டியோடு வந்த பாஸ்வேர்டு அது. பள்ளிக்கூடத்துப் பையன்கூட இரண்டாவது தடவையில் கண்டுபிடித்துவிடுவான்.

இந்தச் சேதி வந்ததும் பெரிய பத்திரிகைகளும் டெலிவிஷன் மேதாவிகளும் என்ன செய்தார்கள்? உபதேசம் செய்தார்கள். “ஜனங்களே, பாஸ்வேர்டை மாற்றுங்கள்! தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்! விழிப்புடன் இருங்கள்!” என்றார்கள். இந்த உபதேசத்தில் ஒன்று மட்டும் இல்லை. அந்தக் கேமராவைச் செய்தவன் பெயர் இல்லை. இறக்குமதி செய்தவன் பெயர் இல்லை. ‘அட்மின்123’ என்று பெட்டியில் போட்டு லட்சக்கணக்கில் விற்று லாபம் எண்ணியவனைப் பற்றி ஒரு வரி இல்லை!

தோழர்களே, இந்த ராகம் நமக்குப் புதிதல்ல. மில்லில் பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டால் மானேஜர் முதலில் சொல்லும் வார்த்தை என்ன? “தொழிலாளியின் கவனக்குறைவு.” பெல்ட்டுக்கு மூடி இருந்ததா, யந்திரத்தை நிறுத்தாமல் பஞ்சைத் துடைக்கச் சொன்ன மேஸ்திரி யார், பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்தது யார் – இந்தக் கேள்விகளெல்லாம் அப்புறம், பெரும்பாலும் வருவதே இல்லை. யந்திரத்துக்கு வேலி போடுவது முதலாளியின் கடமை என்று 1948-ம் வருஷத்து ஃபாக்டரிச் சட்டத்தின் 21-வது பிரிவில் எழுத வைப்பதற்குள் எத்தனை விரல்கள் போயின, எத்தனை உயிர்கள் போயின! இன்று கேமராவுக்கும் செல்போனுக்கும் ரவுட்டர் பெட்டிக்கும் அதே பழைய வாய்தா. யந்திரம் உத்தமம், தொட்டவன்தான் குற்றவாளி!

இது பொய் என்பதற்கு நாம் உலகத்தைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

பெட்டிகளின் பட்டாளம்

2016-ம் வருஷம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடந்தது இது. ‘மிராய்’ என்று ஒரு சிறு நிரல். அது இன்டர்நெட்டில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியது. அதன் மடியில் இருந்தது என்ன? பெரிய வித்தை ஒன்றுமில்லை. கம்பெனிகள் தாங்களே போட்டு அனுப்பும் பெயரும் பாஸ்வேர்டும் அடங்கிய ஒரு ஜாபிதா. அறுபது சொச்சம் ஜோடிகள். கேமரா, கேமராப் படங்களைப் பதியும் பெட்டி, வீட்டு ரவுட்டர் – ஒவ்வொன்றிலும் இந்த ஜோடிகளில் சிலவற்றைப் போட்டுப் பார்க்கும். திறந்துகொண்டால் உள்ளே புகுந்து உட்கார்ந்துவிடும். இப்படிச் சிக்கிய பெட்டிகள் உச்ச கட்டத்தில் சுமார் 6 லட்சம்! சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. கேமரா வழக்கம்போல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் எஜமானன் மாறிவிட்டான்.

அக்டோபர் 21-ம் தேதி இந்தப் பட்டாளம் ‘டின்’ என்ற அமெரிக்கக் கம்பெனியின் மேல் பாய்ந்தது. பெயரைச் சொன்னால் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போகவேண்டும் என்று முகவரி சொல்லும் வேலை அதற்கு. தபாலாபீசில் கடிதம் பிரிப்பவரின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே நேரத்தில் “முகவரி சொல், முகவரி சொல்” என்று கூச்சல் போட்டால் யார்தான் பதில் சொல்ல முடியும்? அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் இன்னும் பல பெரிய பெயர்களும் மணிக்கணக்கில் படுத்துவிட்டன. உலகத்தின் மிகப் பெரிய பணக்கார நாட்டை முடக்க அணுகுண்டு தேவைப்படவில்லை. மலிவு கேமராவே போதுமானதாக இருந்தது!

‘பாஸ்வேர்டை மாற்றுங்கள்’ என்கிற உபதேசிகள் இங்கே காதைக் கொடுத்துக் கேட்கட்டும். அந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு உள்ளே இருந்த சரக்கைச் செய்தது சீனாவின் ஹாங்ஜோ நகரத்தில் உள்ள ஷியோங்மாய் என்ற கம்பெனி. மேலே வேறு வேறு கம்பெனிகளின் பெயர். உள்ளே அதே சரக்கு. அவற்றில் பாஸ்வேர்டு உள்ளேயே பொறிக்கப்பட்டிருந்தது. சொந்தக்காரர் திரையில் பாஸ்வேர்டை மாற்றினாலும் மாறியது முன்கதவின் சாவி மட்டுமே. கொல்லைக் கதவின் சாவி அப்படியே இருந்தது. அப்படி ஒரு கொல்லைக் கதவு இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. அவர் ராத்திரி பகல் விழித்திருந்தாலும் என்ன பிரயோஜனம்? தாக்குதலுக்குப் பிறகு அந்தக் கம்பெனி அமெரிக்காவில் விற்ற கேமராக்களில் சிலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அமெரிக்காவில்தான். மற்ற நாட்டு ஜனங்கள் வாங்கியது வாங்கியதுதான்.

சரி, இந்த மிராயைச் செய்தவர்கள் யார்? எதிரி நாட்டு உளவாளிகளா? இல்லை. இருபது, இருபத்தொரு வயது அமெரிக்க வாலிபர்கள் மூன்று பேர். 2017 டிசம்பரில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. அவர்களில் முக்கியமான பேர்வழி ஒரு கம்பெனி நடத்தினார். என்ன கம்பெனி? இப்படிப்பட்ட தாக்குதலிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று காசு வாங்கும் கம்பெனி! கல்லெறிபவனும் அவனே, கண்ணாடி மாட்டிக் கொடுப்பவனும் அவனே. 2018-ல் இந்த வழக்கில் தீர்ப்பு வந்தது. ஜெயில் இல்லை, ஐந்து வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,500 மணி நேரப் பொதுச் சேவை, எஃப்.பி.ஐ.க்கு ஒத்தாசை. பசிக்குத் தேங்காய் திருடினவனுக்குக் கிடைக்கும் தண்டனையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

அந்த நிரலை அவர்கள் ஊரறியப் போட்டுவிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் ஒரு டெலிபோன் கம்பெனியின் மேலதிகாரி, போட்டிக் கம்பெனியை முடக்குவதற்காக ஒரு பிரிட்டிஷ்காரனைக் கூலிக்குப் பிடித்தார். அவன் இதே மாதிரிப் பட்டாளத்தைத் திரட்டினான். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் சந்தாதாரர்கள் சுமார் 9 லட்சம் பேருடைய பெட்டிகள் அவன் கைவரிசையில் செயலற்றுப் போயின. 2019-ல் லண்டனில் அவனுக்கு 32 மாத ஜெயில். கூலி வாங்கினவன் உள்ளே போனான். போட்டி என்றால் தரம் உயரும், விலை இறங்கும் என்று நமக்குப் பாடம் சொல்கிறார்களே, இதுதான் அந்தப் போட்டியின் லட்சணம்!

மலிவு என்பது யாருக்கு?

“பாதுகாப்பு சேர்த்தால் விலை ஏறிவிடும்; ஏழைகள்தான் பாதிக்கப்படுவார்கள்” என்று இப்போது ஒரு கூட்டம் நமக்காகக் கண்ணீர் விடும். விஷயத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு வைத்து, அடியில் ஒரு சீட்டில் அச்சடித்து ஒட்ட என்ன செலவு? பிரிட்டனில் 2022-ல் ஒரு சட்டம் போட்டு 2024 ஏப்ரல் 29 முதல் அமல் செய்தார்கள். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது; எவ்வளவு காலத்துக்கு ஓட்டை அடைத்துத் தருவாய் என்று விற்கும்போதே சொல்ல வேண்டும்; மீறினால் ஒரு கோடி பவுன் அல்லது உலகம் பூராவும் நடக்கும் விற்பனையில் நூற்றுக்கு நாலு, எது அதிகமோ அதுவரை அபராதம். பிரிட்டனில் கேமரா விற்பது நின்றுவிட்டதா? கலிபோர்னியா மாகாணத்தில் 2020 ஜனவரியிலிருந்தே இதைப் போன்ற சட்டம் இருக்கிறது. முடியாது என்பதல்ல விஷயம். கட்டாயப்படுத்தாத இடத்தில் செய்யமாட்டார்கள். அவ்வளவுதான்.

விலை அதிகமான சரக்கு யோக்கியமானது என்று நினைப்பதும் ஏமாளித்தனம். அமேசானுக்குச் சொந்தமான ‘ரிங்’ என்ற கம்பெனி வீட்டுக் கேமரா விற்கிறது. பாதுகாப்புதான் அதன் விளம்பரம். 2017-ல் அந்தக் கம்பெனியின் ஊழியர் ஒருவர், குறைந்தது 81 பெண்களின் வீட்டுப் படங்களை – படுக்கையறை, குளியலறை என்று தேடித் தேடி – மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அமெரிக்க வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. ஊழியர்களுக்கு வேலைக்குத் தேவையோ இல்லையோ, எந்த வீட்டுப் படத்தையும் பார்க்கும்படி கதவைத் திறந்து வைத்திருந்தது கம்பெனி. 2023-ல் 58 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்குத் தீர்த்தார்கள். அமேசானுக்கு அது எத்தனை நிமிஷத்து வரவு?

இன்னொரு கூப்பாடும் கேட்கிறது. “அந்நிய சரக்கைத் தடை செய்தால் போதும், ஆபத்து தீர்ந்தது” என்று தேசபக்தி வேஷம் போட்டு வருகிறார்கள். அந்நிய சரக்கைச் சோதித்து வாங்குவது சரிதான். ஆனால் கொடி பார்த்துப் பூட்டு வாங்க முடியாது என்பதற்கு ஸ்விட்சர்லாந்தின் கிரிப்டோ ஏ.ஜி. கம்பெனியின் கதையைவிட வேறு சாட்சி வேண்டாம். ரகசியச் சேதி அனுப்பும் யந்திரங்களை அது சர்க்கார்களுக்கு விற்றது. நடுநிலை நாடாயிற்றே என்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் நம்பி வாங்கின. இந்தியாவும் வாங்கியது, பாகிஸ்தானும் வாங்கியது. 1970 முதல் அந்தக் கம்பெனியின் ரகசிய முதலாளிகள் யார் தெரியுமா? அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மனியின் உளவு இலாகாவும்! 2020 பிப்ரவரியில் இது அம்பலமாயிற்று. காசு கொடுத்து ஒற்றனை வாங்கி நடுக்கூடத்தில் உட்காரவைத்துக்கொண்டன அந்த நாடுகள்.

போலீசுக்கு வைத்த ஜன்னல்

இதுவரை பெட்டிகளின் கதை. அவற்றை இணைக்கும் டெலிபோன் கம்பிகளின் கதை இதைவிட மோசம்.

கிரீஸ் நாட்டில் 2004 முதல் 2005 மார்ச் வரை அந்த நாட்டுப் பிரதம மந்திரி, மந்திரிகள் உள்பட நூற்றுக்கு மேற்பட்டவர்களின் செல்போன்களை யாரோ ஒட்டுக்கேட்டார்கள். எப்படி? ஒவ்வொரு போனிலும் கருவி வைத்தார்களா? இல்லை. எரிக்ஸன் கம்பெனி வோடஃபோனுக்கு விற்ற டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே, போலீஸ் கேட்டால் ஒட்டுக்கேட்டுக் கொடுப்பதற்கான ஏற்பாடு தூங்கிக்கொண்டிருந்தது. வந்தவன் அதை எழுப்பிவிட்டான். ஜன்னல் தயாராக இருந்தது. திருடன் தாழ்ப்பாளை மட்டும் நீக்கினான். விஷயம் ஜனங்களுக்குத் தெரிந்தது 2006 பிப்ரவரியில்தான். வோடஃபோனுக்கு 7 கோடி 60 லட்சம் யூரோ அபராதம். அமெரிக்கத் தூதரகத்தில் இருந்த ஒருவர் பேரில் 2015-ல் கிரீஸில் கைது வாரண்டு பிறந்தது.

இதிலிருந்து யாராவது பாடம் கற்றார்களா? அமெரிக்காவில் 1994-லேயே ஒரு சட்டம்: ஒவ்வொரு டெலிபோன் கம்பெனியும் போலீஸ் ஒட்டுக்கேட்பதற்கு வசதி செய்து வைக்கவேண்டும். இது ஆபத்து, ஒருவனுக்கு வைக்கும் வழி எல்லோருக்கும் வழி என்று அறிவுள்ள எஞ்சினியர்கள் எச்சரித்தார்கள். 2024-ல் என்ன ஆயிற்று? அந்நியர்கள் அமெரிக்காவின் பெரிய டெலிபோன் கம்பெனிகளுக்குள் புகுந்து, யார் யாரோடு பேசினார்கள் என்ற கணக்கை அள்ளிக்கொண்டு போனார்கள். கோர்ட்டு உத்தரவின்படி போலீஸ் கேட்டிருந்த தகவல்களைக்கூட நகல் எடுத்தார்கள் என்று எஃப்.பி.ஐ.யே நவம்பரில் ஒப்புக்கொண்டது. சீன சர்க்காரின் ஆட்கள் என்று வாஷிங்டன் சொல்கிறது, பீஜிங் மறுக்கிறது. கை யாருடையது என்பதைவிட, நுழைந்த வழி எது என்பதே நமக்கு முக்கியம். அந்த டிசம்பரில் அதே எஃப்.பி.ஐ. ஜனங்களுக்குச் சொன்ன யோசனை என்ன? பூட்டிய சேதிகளையே அனுப்புங்கள் என்பது! இத்தனை வருஷமாக, ஜனங்களின் சேதியைத் தங்களால் திறக்க முடியாதபடி பூட்டாதே என்று கம்பெனிகளை மிரட்டியவர்கள் யார்? இதே மகானுபாவர்கள்தான்! வேலியே மேய்ந்தால் பயிர் என்னாகும் என்பது நம் விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். வேலியில் காவல்காரன் நுழைய வைத்த சந்து வழியாக ஊர் மாடெல்லாம் நுழைந்தால் என்னாகும் என்பதை அமெரிக்கா காட்டியிருக்கிறது.

“மந்திரியின் போன், பிரதமரின் போன் – நமக்கென்ன?” என்று எந்தத் தோழராவது நினைத்தால் அது தப்பு. நம் கூலி இன்று கையில் வருவதில்லை, பாங்கில் விழுகிறது. பாங்குக் கணக்கைத் திறக்கும் ஓ.டி.பி. எண் பெரும்பாலும் எஸ்.எம்.எஸ். வழியாகத்தான் வருகிறது. அந்த எஸ்.எம்.எஸ். எதன்மேல் ஓடுகிறது? டெலிபோன் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 1970-களில் வகுத்த முறைமேல் ஓடிவந்தது. எஸ்.எஸ்.7 என்று பெயர். அந்தக் காலத்தில் கம்பெனிகள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தன; ஒருவரை ஒருவர் நம்பினார்கள். “இந்த நம்பர் இப்போது என் ஊரில் இருக்கிறது, அதன் சேதிகளை இங்கே அனுப்பு” என்று ஒரு கம்பெனி சொன்னால் மற்றது சோதிக்காமல் அனுப்பிவிடும். இந்த ஓட்டையை 2014-லேயே ஜெர்மன் நிபுணர்கள் பகிரங்கமாகக் காட்டிவிட்டார்கள். காட்டி என்ன? 2017-ல் அதே ஜெர்மனியில் திருடர்கள் முதலில் பாங்குப் பாஸ்வேர்டுகளைக் களவாடி, பிறகு இந்த ஓட்டை வழியாக எஸ்.எம்.எஸ். எண்களைத் தங்கள் பக்கம் திருப்பி, கணக்குகளைத் துடைத்தார்கள். போன் சொந்தக்காரனின் கையிலேயே இருந்தது. அவன் எந்த லிங்க்கைத் தொட்டானோ தொடவில்லையோ, எஸ்.எம்.எஸ். திரும்பிப்போனதற்கு அவனா பொறுப்பு?

நம் சர்க்காரின் யோக்கியதை என்ன? 2019 அக்டோபர் 29-ம் தேதி கூடங்குளம் அணு மின் நிலையத்தின் சார்பில் ஒரு அறிக்கை: நிலையத்தின் கட்டுப்பாட்டு யந்திரங்கள் தனித்தவை, அவற்றின்மேல் தாக்குதல் சாத்தியமே இல்லை, வருவதெல்லாம் பொய்ச் சேதி. மறுநாளே, 30-ம் தேதி, அணு மின் கழகம் இன்னொரு அறிக்கை விட்டது: நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட்டோடு சேர்ந்த ஒரு கம்ப்யூட்டரில் விஷ நிரல் இருந்தது உண்மை, செப்டம்பர் 4-ம் தேதியே எங்களுக்குத் தகவல் வந்தது! உலைக்கு ஆபத்தில்லை என்றார்கள். உலையின் யந்திரங்கள் வேறு கம்பியில் இருந்தன என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய எட்டு வாரம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, கேட்டவனைப் பொய்யன் என்றவர்களை அடுத்த தடவை எப்படி நம்புவது? இடிந்தகரைப் பெண்களிடம் இவர்கள் “எங்களை நம்புங்கள்” என்று சொன்ன ஊர் அது. 2022 நவம்பர் 23-ம் தேதி டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைக் கொள்ளையர்கள் பூட்டினார்கள். சுமார் இரண்டு வாரம் சீட்டு எழுதுவதும் கையால், ரத்தப் பரிசோதனை முடிவும் கையால். நாடெங்குமிருந்து ரெயில் ஏறி வந்து அந்த வாசலில் வரிசையில் நின்றவர்கள் கம்பெனி முதலாளிகளல்ல.

ஒட்டுக்கேட்பதில் மட்டும் நம் சர்க்கார் சுறுசுறுப்பு. வெள்ளைக்காரன் 1885-ல் போட்ட தந்திச் சட்டத்தின் அந்த அதிகாரத்தை 2023-ம் வருஷத்து டெலிகாம் சட்டத்திலும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். பெகாசஸ் விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட்டு நியமித்த கமிட்டி 29 போன்களைச் சோதித்தது. 5 போன்களில் ஏதோ விஷ நிரல் இருக்கிறது, அது பெகாசஸ்தானா என்று சொல்ல முடியவில்லை என்றது. மத்திய சர்க்கார் கமிட்டிக்கு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் கோர்ட்டிலேயே சொல்லப்பட்டது. ஒளிக்க ஒன்றுமில்லாதவன் ஏன் சட்டைப்பையைக் காட்ட மறுக்கிறான்?

“அப்படியானால் இந்தப் பெட்டிகளையும் போனையும் தூக்கி எறிந்துவிடுவதுதானே?” என்று கேட்பவர்கள் நம் வாழ்க்கையை அறியாதவர்கள். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில், பணித்தளப் பொறுப்பாளரின் போனில் நாளைக்கு இரண்டு தடவை படம் எடுத்து ஏற்றினால்தான் வருகை என்று உத்தரவாயிற்று. சிக்னல் இல்லாத கண்மாயில் மண் வெட்டினவளின் கூலிக்கு யார் பொறுப்பு? மில் விடுதியில் இருக்கும் பெண் தன் தாயோடு பேசவும் போன்தான் வேண்டும். யந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை நாம். பெல்ட்டுக்கு மூடி கேட்கிறோம்.

மில்லுக்கு மில் இன்று கேமரா. ஷெட்டில் கேமரா, கேட்டில் கேமரா, பெண்கள் விடுதியின் வராந்தாவில் கேமரா. தொழிலாளியின் பாதுகாப்புக்காக என்கிறார்கள். நல்லது. அடுத்த பேச்சுவார்த்தையில் நம் சங்கங்கள் போனஸோடும் பஞ்சப்படியோடும் சேர்த்து இதையும் மேஜைமேல் வைக்கவேண்டும். எத்தனை கேமரா, எங்கெங்கே? படம் மில்லுக்குள்ளேயே தங்குகிறதா, இன்டர்நெட் வழியாக வெளியே போகிறதா? வெளியே போகிறதென்றால் எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில்? பார்க்கும் அதிகாரம் யார் யாருக்கு, யார் எப்போது பார்த்தார்கள் என்ற பதிவு இருக்கிறதா? எத்தனை நாள் வைத்திருந்து அழிப்பார்கள்? விற்றவன் எந்த வருஷம் வரை ஓட்டை அடைத்துத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறான்? படம் வெளியே போனால் அந்தப் பெண்ணுக்கு நஷ்ட ஈடு தருவது மில்லா, கேமராக் கம்பெனியா? பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றியாயிற்றா என்பதையும் கேளுங்கள். பாஸ்வேர்டு என்னவென்று கேட்க வேண்டாம். “சூப்பர்வைசருக்குத் தெரியும்” என்ற பதிலை ஏற்க வேண்டாம். பதில் எழுத்தில் வேண்டும். மானேஜர் கையெழுத்தோடு, தமிழில், விடுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.